சாம்பிராணிக் காற்று

என் கணவரின் குடும்பத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆயுத பூஜைக்கு வைத்திருந்த காற்று சிலிண்டர்களில் நான் வாய் வைத்து எச்சில்படுத்திவிட்டேனாம். அதனால் அத்தனை காற்றையும் திறந்து வெளியே விட வேண்டி வந்ததாம். தீபாவளிக்கு ஊர் போகக் காத்திருந்த ஒரு கப்பல் ஜனம் என்னால் வெயிலில் காய்ந்ததாம். கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது இதை எடுப்பார்கள். புதிதாக வந்த மருமகள்கள் சிரித்துவிட்டு, சிரித்தது தவறோ என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். பல ஆண்டுகள் நானும் கூடச் சிரித்துவைத்தேன். இனிமேல் சிரிப்பதாக இல்லை. நான் வாய் வைத்தது உண்மை. காற்றைத் திறந்துவிட்டதும் உண்மை. முன்னதால்தான் பின்னது நடந்தது என்பது மட்டும் பொய். அந்தப் பொய்யோடு இந்தக் கதை எனக்குப் பின்னாலும் வாழ்வதில் எனக்குச் சம்மதமில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் போர்ட் பிளேரில், மின்னி பே பக்கம் குடியிருந்தோம். என் கணவரும் அவருடைய அண்ணனும் தூத்துக்குடிக்கு அருகே ஒரு கடற்கரை ஊர்க்காரர்கள். சங்கு குளித்த பழக்கத்தோடு தீவுக்கு வந்தவர்கள். அண்ணன் காண்ட்ராக்ட் பிடிப்பார், தம்பி கடலுக்குள் இறங்குவார். மூழ்கிப்போன படகு, அரித்துப்போன படகுத்துறைத் தூண்கள், பாராடாங் பக்கம் தெப்பத்திலிருந்து நழுவி அமிழ்ந்த மரத்தடிகள், கப்பலை உந்தும் அடிவிசிறியில் சுற்றிக்கொண்ட வடம் என்று நீருக்கு அடியில் என்ன வேலையானாலும் எங்களைத் தேடித்தான் ஆள் வரும். தொடக்கத்தில் என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். பிறகு மெயின்லாண்டில் ஏதோ ஏலத்தில் அண்ணன் ஒரு கம்ப்ரஸரையும், முதுகில் கட்டிக்கொள்ளும் சில இரும்பு சிலிண்டர்களையும் எடுத்து வந்தார். ஹேடோ கப்பல்துறையை, தீவில் சொல்வதுபோல் ஜெட்டியை, ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு இயந்திரத்தை அதற்குள் குடியேற்றினோம்.

சைக்கிளுக்கும் லாரிக்கும் நாம் அடிக்கும் காற்றை அந்த இயந்திரம் காற்றாகவே மதிக்காது. டீசல் எஞ்சின் ஒன்று அதை ஓட்டும். உள்ளே இழுத்த காற்றை அது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சிறிய உருளையில் போட்டு நெருக்கும். நெருக்க நெருக்கக் காற்று சூடாகும். செம்புச் சுருள்களின் வழியே ஓடிக் குளிரும். குளிரும்போது தன்னிடமிருந்த ஈரத்தைக் கைவிடும். தீவுக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அந்த நீர் சிலிண்டருக்குள் போனால் உள்ளிருந்தே துரு தின்றுவிடும் என்பதால், அடிக்கொருதரம் இயந்திரத்தின் கீழேயுள்ள குழாயைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் கலந்து, மோர் போல வெளுத்துப் பீறிட்டு வரும். சிலிண்டர்கள் சிமெண்டுத் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். அவசரப்பட்டு நிரப்பினால் அவையும் கொதிக்கும்; ஆறிய பிறகு பார்த்தால் மீட்டரின் முள் இறங்கியிருக்கும். ஆகவே அது உட்கார்ந்து செய்கிற வேலை. பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை.

எஞ்சினுக்கு ஒரு மிஸ்திரி இருந்தார். தண்டனைக் குடியேற்றக் காலத்திலிருந்து தீவிலேயே வேர்விட்ட குடும்பம் அவருடையது. தீவு இந்திதான் அவர் பேச்சு. எந்த எஞ்சினையும் அவர் கிளப்பிவிடுவார். கிளப்பிய பிறகு அதன் அருகில் உட்கார மட்டும் அவரால் முடியாது. தேநீர்க் கடைக்குப் போய்விடுவார். சிலிண்டர் கொதித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் கணவருக்குச் சோறு கொண்டுபோன நான் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்று உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். பள்ளி இறுதி வரை படித்திருந்தேன். கப்பல் வரும்போது கட்டுக்கட்டாக வரும் வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைகளை, நடுவில் ஓர் இதழ் குறைந்தாலும் நானே இட்டுக்கட்டிப் படித்துப் பழகியவள். இயந்திரத்தோடு வந்திருந்த ஆங்கிலக் கையேட்டையும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அப்படித்தான் படித்தேன். ஆனால் அதில் எதையும் இட்டுக்கட்டவில்லை.

காற்றை உள்ளிழுக்கும் குழாயின் வாயை ஒரு மூங்கிலின் தலையில் கட்டி, கொட்டகைக்கு வெளியே உயரமாக நிறுத்தியிருந்தேன். எஞ்சின் புகை ஒரு பக்கம் போனால் மூங்கில் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும். நுனியில் என் பழைய சேலையின் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தேன். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மூங்கிலைத் தொடவே வேண்டாம். ஐப்பசி நெருங்கும்போது காற்று மனம் மாறி வடகிழக்கிலிருந்து வரத் தொடங்கும். அந்த வாரங்களில் சேலைக்கரை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துப் பார்த்து இடம் மாற்றுவேன்.

எங்களிடையே ஒரு வழக்கமும் ஏற்பட்டிருந்தது. சிலிண்டரை நிரப்பியவர், இறங்குகிறவர் பார்க்க, அதிலிருந்து முதல் மூச்சை எடுக்க வேண்டும். தொடங்கி வைத்தவர் என் கணவர்தான்.

"கொழம்பு வச்சா உப்பு பாக்குதேல்லா? இதையும் பாத்துட்டுக் குடு" என்றார் ஒருநாள், விளையாட்டாக.

நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வாயில் கடிக்கும் அந்த ரப்பரைக் கவ்வி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக இழுத்துப் பார்ப்பேன். எண்ணெய் வாடை இருக்கிறதா, நாக்கில் ஏதாவது தட்டுகிறதா என்று கவனிப்பேன். பிறகு அவரிடம் நீட்டுவேன். அவர் தோள் துண்டால் அதை ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

"எதுக்கு இம்புட்டுத் தொடைக்கிய?"

"ஒன் காப்பி வாசம் தண்ணிக்குள்ள வந்தா மீனெல்லாம் பின்னாலயே வருதுளா."

அந்தக் கொட்டகையில் நான் அதிகம் சொன்ன சொல் 'மாட்டேன்' என்பதாகத்தான் இருக்கும். காற்று இலவசமாகக் கிடைக்கும் இடம் என்று ஊரில் பெயர் பரவியிருந்ததால், கால்பந்து முதல் கைவண்டிச் சக்கரம் வரை தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு தடவை ஒரு பெரியவர் பழைய காற்றுத் துப்பாக்கி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுப் போனது. குழலுக்கு அடியில் தேங்காய் அளவில் ஒரு செம்பு உருண்டை. அதில்தான் காற்றை அடைக்க வேண்டும். அடைக்கும் கைப்பம்பு உடைந்துவிட்டதாம். புறாச் சுட வேண்டுமாம்.

"இந்த உருண்டை எவ்வளவு தாங்கும் என்று எங்காவது பொறித்திருக்கிறதா?" என்று இந்தியில் கேட்டேன்.

"என் அப்பா காலத்திலிருந்து தாங்குகிறது, மகளே" என்றார்.

"உங்கள் அப்பா கையால் அடித்த காற்றைத் தாங்கியிருக்கும். இதன் காற்றைத் தாங்காது. மாட்டேன்."

பயந்தாங்கொள்ளி என்று திட்டிவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து மிஸ்திரி எனக்கு 'மாட்டேன் பாபி', அதாவது மாட்டேன் அண்ணி, என்று பெயர் வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. அதை அவர் என்னிடமிருந்தே கற்றார்.

இனி அந்த ஆயுத பூஜை.

மாதத்தில் அந்த மூன்று நாட்கள் நான் கொட்டகைக்குப் போவதில்லை. வீட்டிலும் பூஜை மாடம் இருந்த பக்கம் போவதில்லை. நான் கேள்வி கேட்காமல் ஏற்றிருந்த ஏற்பாடு அது. வழக்கமாக, நான் வராத நாட்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுவேன். அந்த முறை பூஜை அந்த நாட்களிலேயே வந்து விழுந்தது. முன்கூட்டி நிரப்பியவை இடையில் வந்த ஒரு வேலையில் தீர்ந்து சிலிண்டர்கள் காலியாக இருந்தன. என் கணவரின் அண்ணன், "பூஜையன்னைக்கு மெஷின் ஓடாம இருக்கக் கூடாது. நாங்களே நெரப்பிக்கிடுதோம். நீ வீட்ல இரும்மா" என்று சொல்லி அனுப்பினார். அவரை நான் அத்தான் என்று அழைப்பேன். அவர் என்னை 'ஏம்மா' என்பதைத் தவிர வேறு சொல்லால் அழைத்ததில்லை. தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். கோபக்காரர்தான், கொடியவர் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஜயதசமி அன்று காலை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரமுடியோடு ஹேடோவுக்கு வந்தேன். ஜெட்டி முழுவதும் ஜனம். மெயின்லாண்டுக்குப் போகும் கப்பலில் ஏற வந்தவர்கள். லீவு வாங்கிய அரசு ஊழியர்கள், கடைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், தகரப் பெட்டிகள், தேங்காய் மூட்டைகள். ஆனால் கப்பல் யாரையும் ஏற்றவில்லை. விடியற்காலையில் அதைச் சற்று நகர்த்திக் கட்டும்போது, தளர்ந்து நீரில் விழுந்த வடம் ஒன்றை அதன் விசிறி சுற்றி இழுத்துக்கொண்டுவிட்டது. ஆள் இறங்கி அறுத்து எடுக்காமல் கப்பல் அசையாது. அந்த வேலை எங்களுக்கு வந்திருந்தது. என் கணவர் இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

கொட்டகைக்குள் சிலிண்டர்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் தோளிலும் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் ஒரு முழம் பூ.

"ஏங்க, ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, முதல் சிலிண்டரை எடுத்து ரப்பரை வாயில் வைக்கப் போனேன்.

"ஏம்மா, ஏம்மா!" என்று அத்தான் ஓடிவந்தார். "இன்னைக்கு வேண்டாம். அது சாமிக்கு வச்சது. நைவேத்தியத்த யாராவது ருசி பாப்பாவளா? அவன் வாய்தான் மொதல்ல படணும்."

ஆனால் நான் அதற்குள் கவ்வி இழுத்துவிட்டேன்.

நெஞ்சு முழுக்கக் கோயில். மணம் அவ்வளவு கனமாக இறங்கியது. நல்ல மட்டிப்பால் சாம்பிராணி. ரப்பரை வாயிலிருந்து எடுத்த பிறகும் மூக்கின் பின்னால் நின்றது.

மிஸ்திரி என் முகத்தைப் பார்த்துப் பூரித்துப் போனார். "எப்படி இருக்கிறது பாபி? கோயில் மாதிரி வாசனை, இல்லையா?" என்றார் தன் இந்தியில்.

"எப்படி வந்துச்சு இந்த வாசம்?"

அவர்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். பெருமையாகச் சொன்னார்கள். பூஜையன்று மழை பிடித்துக்கொண்டதாம். மூங்கில் தலையில் இருந்த குழாய்க்குள் மழைத்தண்ணீர் போய்விடக் கூடாதே என்று அதை அவிழ்த்துக் கொட்டகைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். சாரலுக்காகக் கதவையும் சாத்தியிருக்கிறார்கள். உள்ளே தூபக்காலில் கனல் இருந்தது. அப்போதுதான் அத்தானுக்கு அந்த யோசனை தோன்றியிருக்கிறது. குழாயின் வாயைத் தூபக்காலுக்கு நேர் மேலே கட்டிவிட்டால், அம்பாளுக்குப் போட்ட புகை தம்பியின் மூச்சிலும் போகும். கடலுக்கு அடியிலும் அவள் கூட இருப்பாள். எல்லாச் சிலிண்டரும் நிரம்பும் வரை, அணைய விடாமல் கரி போட்டுப் போட்டு ஊதியிருக்கிறார்கள்.

ஒரு சங்கு குளிக்கிற குடும்பத்து அண்ணனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய அன்பு அது.  ஆனால் அன்று நான் நினைத்தது வேறொன்றை. கரி அரைகுறையாக எரியும்போது வரும் வாயுவுக்கு மணம் கிடையாது. சாம்பிராணிக்கு மணம் உண்டு. சாம்பிராணி எந்த வழியாக உள்ளே போனதோ அதே வழியாகத்தான் அதுவும் போயிருக்கும். எங்கள் இயந்திரத்தின் காற்று வடிகட்டியிலிருந்த கரித்தூள் பழசாகிவிட்டிருந்தது. புதியது கப்பலில் வர வேண்டும். அது புதிதாக இருந்திருந்தால் மணத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதை உள்ளே விட்டிருக்கும். எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. மேலே தலைவலியாக இருப்பது ஆழத்தில் மயக்கமாகும் என்று கையேட்டில் படித்திருந்தேன். மயங்கினால் பல் தளரும். பல் தளர்ந்தால் ரப்பர் வாயிலிருந்து நழுவும்.

இதை என்னால் முடிந்த அளவு தெளிவாகச் சொன்னேன். என் கணவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தெனமும் அடுப்படியில கரி ஊதுத. செத்தா போயிட்ட?"

"அடுப்படிக்கு ஜன்னல் இருக்கு. நீங்க போற எடத்துல இருக்கா?"

"சும்மா இரு. இதவிட மோசமான காத்தோடல்லாம் எறங்கியாச்சு. அங்க பாரு, எத்தன ஜனம் நிக்குது."

கப்பல் அதிகாரி ஒருவர் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டார். ஜல்தி, ஜல்தி, சீக்கிரம் சீக்கிரம் என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் இல்லை. அத்தான் அவரிடம், "ஹோ கயா சாப், ஹோ கயா", இதோ முடிந்தது, என்று சொல்லிக்கொண்டே தம்பியின் முதுகில் சிலிண்டரை ஏற்றக் கையைக் கொடுத்தார்.

நான் அந்தச் சிலிண்டரின் குமிழைத் திருகினேன்.

அடைபட்ட காற்று வெளியே வரும் சத்தத்தைக் கேட்டிராதவர்களுக்கு அதை விளக்குவது கடினம். அது சீறல்கூட அல்ல, அலறல். தகரச் சுவர்கள் அதிர்ந்தன. என் விரல்களுக்குக் கீழே பித்தளை பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. கழுத்திலிருந்த பூ பிய்ந்து எதிர்ச்சுவரில் போய் ஒட்டியது. அவர்கள் திகைத்து நின்ற அந்தச் சில நொடிகளில் அடுத்ததையும் திறந்தேன், அதற்கடுத்ததையும் திறந்தேன். சாம்பிராணி மணம் கதவு வழியாக ஜெட்டி முழுவதும் பரவியது. பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒரு பயணி அம்மாள் எழுந்து, எந்தச் சாமி வருகிறது என்று சுற்றிலும் தேடிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவ்வளவு நல்ல வாசனை அது.

"ஏட்டி!" என்று அத்தான் கத்தினார். அந்தச் சொல்லை என்மீது அவர் பயன்படுத்தியது அதுவே முதல் தடவை. "புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? பூஜ போட்ட காத்துடீ அது!"

வெளியிலிருந்தும் குரல்கள் வந்தன. "யாருப்பா அந்தம்மா? எங்க தீபாவளிய இங்கயே கொண்டாடச் சொல்லுதா?" "புருஷன் பொண்டாட்டி சண்டையக் கப்பல் போனப்புறம் வச்சிக்கக் கூடாதா?" ஒருவர் இந்தியில், பெண்பிள்ளையை இயந்திரத்தின் அருகில் விட்டால் இதுதான் நடக்கும் என்றார். காற்றில் நஞ்சு இருக்கிறது என்று வாசலைப் பார்த்துச் சொன்னேன். சிரித்தார்கள்.

மிச்சம் ஒரு சிலிண்டர் இருந்தது. என் கணவர் அதைத் தன் காலுக்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "இது போதும். இத வச்சு முடிச்சிருவேன். தள்ளு" என்றார். ஊரார் பார்க்க மனைவியிடம் தோற்ற மனிதரின் குரல். அந்தக் குரலோடு அவர் எதையும் செய்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் பேசிப் பயனில்லை.

நான் அத்தான் பக்கம் திரும்பினேன். கடைசிச் சிலிண்டரின் ரப்பரை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"அத்தான், நெரப்புனவங்கதான் மொதல் மூச்சு எடுக்கணும். இத நெரப்புனது நீங்க. இந்தப் பெட்டி மேல ஒக்காந்து, அவர் கீழ இருக்கப்போற நேரம் வரைக்கும் நீங்க இதுல மூச்சு விடுங்க. ஒண்ணும் ஆகலேன்னா நானே அவர் முதுகுல கட்டி விடுதேன்."

அவர் வெடுக்கென்று அதை வாங்கினார். வாய் வரை கொண்டுபோனார். அதற்கு மேல் கை போகவில்லை. ரப்பரைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தனக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற துணிச்சல்காரர்தான் அவர். ஆனால் தன்னால் சந்தேகமின்றி வாயில் வைக்க முடியாத ஒன்றைத் தம்பியின் வாயில் வைக்கப் போகிறோம் என்பது அந்தப் பார்வைக்குள் எங்கோ அவருக்குத் தைத்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

மெல்லக் குனிந்து, கடைசிச் சிலிண்டரின் குமிழைத் தன் கையாலேயே திறந்தார்.

சத்தம் அடங்கியது. பிறகு அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும் குரலில் சொன்னார்:

"எச்சி பட்டுப்போச்சு. சாமிக்கு வச்சதுல பொம்பள வாய் வச்சாச்சு. இனி அந்தக் காத்து ஆகாது. எல்லாத்தையும் புதுசா நெரப்பணும்."

எச்சிலாகிவிட்டது என்பதை மிஸ்திரி அதிகாரிக்கு ஒரே வரியில் சொன்னார்: "ஜூட்டா ஹோ கயா, சாப்." அதிகாரி தலையாட்டினார். ஜெட்டியில் நின்றவர்கள், அடடா, அப்படியா, அப்படியென்றால் வேறு வழியில்லைதான் என்று மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். காற்றில் நஞ்சு என்று நான் சொன்னபோது நகைத்த அத்தனை பேரும், எச்சில் என்றதும் ஒரு கேள்வியின்றி ஒப்புக்கொண்டார்கள். அந்த வேகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

அந்த இடத்திலேயே மறுத்திருக்கலாம். வாயைத் திறந்தால் வாதம் வளரும், வாதம் வளர்ந்தால் அவர்கள் கௌரவம் மறுபடி தலைதூக்கும் என்று தெரிந்திருந்தது. எனக்கு அப்போது வேண்டியிருந்தது நல்ல காற்று. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனேன். குழாயை மூங்கில் தலையில் மறுபடி கட்டினேன். சேலைக்கரை தென்மேற்கு நோக்கிப் பறந்தது; காற்று திரும்பிவிட்டிருந்தது. மூங்கிலைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டேன். தூபக்காலைத் தூக்கிக் கடலோரம் வைத்தேன். வடிகட்டியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு மிஸ்திரியிடம், "சலாவ்", ஓட்டு, என்றேன். அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்திரி எஞ்சினைக் கிளப்பினார். அன்று அவர் தேநீருக்குப் போகவில்லை.

அவசரப்படுத்தியவர்களை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. சிலிண்டர்கள் தண்ணீரில் ஆற வேண்டிய நேரம் ஆறின. வெளியேற வேண்டிய நீர் வெளியேறியது. வெயில் தலைக்கு மேலே வந்து சாயத் தொடங்கிய பிறகு, முதல் சிலிண்டரை ஜெட்டியின் விளிம்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். கொட்டகைக்குள் வைத்தே பார்த்திருக்கலாம். வேண்டுமென்றேதான் வெளியே கொண்டுவரச் சொன்னேன். எச்சில் என்றதை ஒப்புக்கொண்ட அத்தனை பேரும் பார்க்க, ரப்பரை வாயில் கவ்வி, மூக்கைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். ஒன்றுமில்லை. உப்பும் ஈரமும்கூட இல்லாத வெறும் காற்று. இன்னொரு முறை இழுத்தேன். அந்த இரண்டாவது, தேவைக்காக எடுத்த மூச்சு அல்ல.

என் கணவரிடம் நீட்டினேன். காலையிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. தோளில் துண்டு கிடந்தது. அதைத் தொடவில்லை. என் வாயிலிருந்து எடுத்ததை அப்படியே தன் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நீருக்குள் இறங்கினார்.

குமிழிகள் கப்பலின் பின்புறம் நோக்கி நகர்ந்தன. அங்கேயே நின்று வெகுநேரம் வந்துகொண்டிருந்தன. ஒரே சீராக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுத்த வடத்துண்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. சிலிண்டர் மாற்ற மேலே வந்தபோது அடுத்ததிலும் முதல் மூச்சை எடுத்துக் கொடுத்தேன். மாலையில் கப்பல் சங்கு ஊதியது. என்னைத் திட்டியவர்களில் சிலர் தளத்திலிருந்து கையசைத்தார்கள். நான் அசைக்கவில்லை.

பழைய காற்றோடு இறங்கியிருந்தாலும் அவர் நல்லபடியாக ஏறி வந்திருப்பார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். வந்திருக்கலாம். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் கிடையாது. நிரூபிக்க வேண்டுமானால் அவரை அந்தக் காற்றோடு இறங்கவிட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. அவர் பல ஆண்டுகள் கழித்து, முதுமையில், தரைமேல், மின்விசிறிக்குக் கீழே கட்டிலில் படுத்தபடி காலமானார். சாகும் விதத்தைப் பற்றி அவருக்காக நான் கேட்டிருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அன்று நடந்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று உண்டு. நான் பூஜையன்று கொட்டகையில் இருந்திருந்தால் குழாய் மூங்கிலை விட்டு இறங்கியிருக்காது. ஆகவே அடுத்த மாதம் அந்த நாட்கள் வந்தபோது, வழக்கம்போல விடிந்ததும் எழுந்து, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஹேடோவுக்கு நடந்தேன்.

அத்தான் கொட்டகை வாசலில் நின்றார். வீட்டில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். கையை விரித்துத் தடுக்கும் மனிதரல்லர் அவர். ஆனால் வாசலை விட்டு நகரவில்லை.

"ஏம்மா" என்றார், பழைய குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு. "இந்த ரெண்டு மூணு நாளு வீட்ல இருந்தா என்ன? அம்பாள் படம் இருக்குற எடம். மெஷினுக்குத் தீட்டு ஆகாதும்மா."

"ஏற்கெனவே எச்சி பட்ட மெஷின்தான அத்தான்" என்றேன். "நீங்கதான் ஊருக்கே சொன்னிய. இனி அதுக்கு என்ன கெடப்போகுது?"

உள்ளே மிஸ்திரி இருமினார். அது இருமல் அல்ல. அத்தான் வாசலை விட்டு விலகித் தேநீர்க் கடைப் பக்கம் நடந்தார். நான் உள்ளே போய் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மூங்கில் நுனியில் சேலைக்கரை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பச் சொன்னேன்.